வாய்ஸ் பிரேக் ஆகுது மேடம்

ஒரு மைக் வாங்குவதற்கு இத்தனை வயிற்றெரிச்சலா என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேட்கிறார். ஆமாம், இத்தனைதான். நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் உடுப்பு தைத்து வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் தரம் பார்ப்பது என் வேலை. தலைமை அலுவலகம் சென்னையில். இங்கே இருந்த கிளையை வாடகை கட்டுப்படியாகவில்லை என்று மூடிவிட்டு, வீட்டிலிருந்தே பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பகலெல்லாம் கம்பெனி கம்பெனியாக அலைவேன். சாயங்காலம் அவிநாசியில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து சென்னை மேனேஜரோடு ஆன்லைன் மீட்டிங். பின்சுவரை ஒட்டி ஒரு நிட்டிங் யூனிட், துணி பின்னும் மெஷின்கள் ஓயாமல் ஓடும். எங்களுக்கு அந்தச் சத்தம் காதிலேயே விழாது. நின்றால்தான் கரண்ட் போய்விட்டதோ என்று தலையைத் தூக்குவோம்.

அந்தச் சமயம் கைக்குழந்தை உடுப்பு ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. கழுத்திலிருந்து கால்வரை ஒரே துணி, கால் பக்கம் வரிசையாகப் பிரஸ் பட்டன். மாதிரிக்கு வந்ததில் ஒன்றை என் பெண்ணுக்குப் போட்டுவிட்டேன். அவளுக்குத் தவழ்கிற வயது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால் எதையோ வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டிருக்கிறாள். விரலை விட்டு எடுத்தேன். பட்டன்! துணியை விட்டுக் கழன்று வந்திருந்தது. தொண்டைக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 

மறுநாள் அதைத் தைத்த கம்பெனிக்குப் போய், பெட்டிகளில் அடுக்கியிருந்ததை அங்கங்கே உருவி எடுத்து இழுத்துப் பார்த்தேன். மெல்லிய துணிக்கு அடியில் கனத்துக்கு ஒரு துண்டுத் துணி வைக்காமல் பட்டனை அடித்து வைத்திருந்தார்கள். லேசாகப் பிடித்து இழுத்தாலே கழன்றது. சாயங்காலம் மீட்டிங்கில் முதல் பேச்சே அதுதான்.

"சார், இந்தச் சரக்கு போகக்கூடாதுங்க. பட்டன் கையோட வருதுங்க."

"மேடம், உங்க வாய்ஸ் பிரேக் ஆகுது," என்றார் மேனேஜர்.

திரும்பச் சொன்னேன். திரும்பவும் பிரேக் ஆகிறது என்றார். தொண்டைத் தண்ணி வற்றக் கத்தினேன். கடைசியில், திருப்பூர்ப் பக்கம் வேறு பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொள்வதாகச் சொல்லி மீட்டிங்கை முடித்துவிட்டார். போனில் கூப்பிட்டால் எடுக்கவில்லை. படத்தோடு மெயில் அனுப்பினேன். மீட்டிங்கில் பேசிக்கொள்ளலாம் என்று ஒற்றை வரி பதில் வந்தது. மீட்டிங்கில் பேசத்தானே அய்யா நான் கத்திக்கொண்டிருக்கிறேன்?

தப்பு லேப்டாப் மைக்கில்தான் என்று அப்போது நம்பினேன். பாருங்கள், எப்பேர்ப்பட்ட அப்பாவி நான். முதலில் காதில் மாட்டும் ஹெட்செட் வாங்கினேன். அதே பல்லவி. பிறகு யூடியூபைத் திறந்து யூ.எஸ்.பி மைக் பற்றிப் பார்க்க ஆரம்பித்தேன். அதில் பேசுகிறவர்களைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. சுவரெல்லாம் ஸ்பாஞ்சு, முதுகுக்குப் பின்னால் ஊதா விளக்கு, வாயைத் திறந்தால் ஸ்டூடியோ குவாலிட்டி. இவர்களில் ஒருத்தராவது பின்சுவரில் நிட்டிங் மெஷின் ஓடும் வீட்டில் மைக்கை வைத்துப் பேசிக் காட்டியிருக்கிறாரா? மாட்டார்கள். ஒரு வீடியோவில் நட்சத்திரம் அள்ளிக் கொடுத்திருந்த கண்டென்சர் மைக்கை வாங்கினேன். ஊசி விழுந்தாலும் பிடிக்குமாம். பிடித்தது! நிட்டிங் மெஷின், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், தெருவில் தக்காளி விற்கிற வண்டியின் ஸ்பீக்கர், எல்லாவற்றையும் பிடித்தது. அன்றைக்கு மேனேஜருக்கு என் குரல் பிரேக் ஆகவில்லை, சந்தை இரைச்சல் வருகிறது என்றார்.

அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, டைனமிக் என்று சொல்லும் இன்னொரு வகை யூ.எஸ்.பி மைக்கை வாங்கினேன். இது வாய்க்குப் பக்கத்தில் பேசினால் மட்டும் கேட்கும், தூரத்துச் சத்தத்தை அவ்வளவாகச் சட்டை செய்யாது. மெஷின் சத்தத்தை அமுக்கப் பின்சுவரில் பனியன் வேஸ்ட் துணி மூட்டைகளை அடுக்கினேன். ஏதோ கல்யாண மண்டபத்துக்கு மேடை போடுகிற மாதிரி இருக்கிறது என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். செய்யட்டும். நானே பேசிப் பதிவு செய்து கேட்டுப் பார்த்தேன். மூச்சு விடுவதுகூடத் தனியாகக் கேட்டது.

அடுத்த மீட்டிங்கில் மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். ரேடியோவில் கேட்கிற மாதிரி இருக்கிறது, எந்த மைக், என்ன விலை என்றெல்லாம் விசாரித்தார். சென்னையில் வெயில் தாங்கவில்லை என்று ஊர்க்கதை பேசினார். நான் சொன்ன பதிலெல்லாம் அவருக்கு அட்சரம் பிசகாமல் கேட்டது.

"சார், அந்தப் பட்டன் விஷயமுங்க..."

"ஹலோ? மேடம்? வாய்ஸ் பிரேக் ஆகுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடப்பாவி மனுசா! கெட்டுக் கிடந்தது என் மைக்கா, உன் காதா? எங்கள் ஊரில் சண்டை பிடித்தாலும் 'ங்க' போட்டுத்தான் பிடிப்போம். அன்றைக்கு அந்த 'ங்க'வையும் விட்டுவிட்டு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் மீட்டிங் முடிந்துவிட்டது. அந்த ராத்திரி என் பெண் தூங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கோ ஒரு வீட்டில், அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்க ஒருத்தி கொஞ்சம் தாமதித்தால்?

சரக்கைக் கன்டெய்னரில் ஏற்றுவதற்கு முந்தைய மீட்டிங்கில், ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு அம்மாளும் இருந்தார். பேச்சு இங்கிலீஷில். என் முறை வந்ததும் பட்டன் கழல்கிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். வாக்கியம் முடிவதற்குள் மேனேஜர் குறுக்கே வந்து, திருப்பூர் லைன் எப்போதுமே இப்படித்தான், அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று சிரித்தார்.

நான் மைக்கின் ஒயரைப் பிடுங்கினேன். எழுந்து சமையலறை வாசலுக்குப் போனேன். பின்னால் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அங்கிருந்து, லேப்டாப்பின் அந்தப் பழைய ஓட்டை மைக்குக்கு, சாதாரணக் குரலில், அடுத்த ஆர்டருக்கான மாதிரிகள் சொன்ன தேதிக்கு முன்பே தயாராகிவிட்டன என்றேன். அது உண்மைதான்.

"வெரி குட், வெரி குட்," என்றார் மேனேஜர். நாளைக்கே கூரியரில் போட்டுவிடுங்கள் என்றார்.

வாசலிலிருந்து சொன்னது கேட்கிறது! திரும்பி வந்து ஒயரைச் சொருகினேன். மைக்குக்கு அடியில் எவர்சில்வர் தட்டு ஒன்றை வைத்தேன். பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்த உடுப்பை அதன் மேல் பிடித்து ஒரு பட்டனை இழுத்தேன். ணங் என்று விழுந்தது. அடுத்ததை இழுத்தேன். ணங். அதற்கடுத்தது. ஒரு வார்த்தை பேசவில்லை நான்.

அது என்ன சத்தம் என்று கேட்டார் அந்த அம்மாள்.

உங்கள் பட்டன்தான், என் குழந்தையின் வாயிலிருந்து இதில் ஒன்றை எடுத்தேன் என்றேன். ஒரு பெட்டிகூட ஏற்றக்கூடாது என்று அந்த அம்மாள் மேனேஜரின் பெயரைச் சொல்லிச் சொன்னார். லைன் பிரேக் ஆகிறது என்று மேனேஜருக்குச் சொல்லத் தோன்றவில்லை.

பெட்டிகளையெல்லாம் பிரித்து, துண்டுத் துணி வைத்துப் பட்டனைத் திரும்ப அடித்த பிறகுதான் சரக்கு போயிற்று. அதற்கடுத்த மீட்டிங்கில் மேனேஜர் வெயிலைப் பற்றிப் பேசவில்லை.

"மேடம், உங்க புது மைக் தேவையில்லாத சத்தத்தையெல்லாம் பிடிக்குது. பழசையே யூஸ் பண்ணிக்கங்களேன்."

"இல்லீங்க சார், இதுவே இருக்கட்டுங்க," என்றேன். அவருக்கு அது நன்றாகவே கேட்டது.