டாலரிலேயே தர வேண்டும்

கணவர் இறந்த பிறகு, காசார்வாடியில் ஒரு வொர்க்‌ஷாப்பில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனேன். அங்கே வால்வு பாகங்கள் செய்து இத்தாலியில் ஒரு கம்பெனிக்கு அனுப்புவார்கள். சரக்கோடு டாலரில் ஒரு மாற்றுச்சீட்டும் போகும். அவர்கள் அதில் கையெழுத்துப் போட்டு, தவணை நாளில் பணம் தர வேண்டும். ஆபீஸில் அதற்குப் பெயர் பில்.

சீட்டில் டாலர் என்றிருந்தாலும், அவர்கள் ஊர்ச் சட்டப்படி அன்றைய மதிப்புக்கு யூரோவாகத் தரலாம். தாமதித்தால், தவணை நாள் மதிப்பா, பணம் தரும் நாள் மதிப்பா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை எங்களுக்கு. அவர்கள் எப்போதும் தாமதிப்பார்கள். அதனால் இத்தாலியில் கணக்குப் பார்த்த பெண்மணி எனக்கு போன் செய்வார்.

“எந்த நாள் ரேட் வேணும்? நீங்கதான் சொல்லணும்,” என்பார், தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில்.

எது லாபம் என்று நான் கணக்குப் போட்டுச் சொல்லும்வரை அவர் லைனிலேயே இருப்பார். ஜன்னலுக்கு வெளியே பனி விழுகிறது என்பார். மதியம் என்ன சாப்பிட்டேன் என்று கேட்பார். புளிக்குழம்பு என்றால் என்னவென்று ஒருமுறை விளக்கப் பார்த்தேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்க அப்போது வேறு யாரும் இல்லை. ஆபீஸில் நாள் முழுக்க மராத்தியும் இந்தியும். சாயங்காலம் கோர்படியில் என் வீட்டுப் பூட்டைத் திறந்தால் டிவியில் மட்டும்தான் தமிழ்.

முதலாளிக்கு இந்தப் பணமாற்றுக் கணக்கு பிடிக்கவில்லை.

“யூரோ, டாலர்னு இந்த ஜஞ்சட், இந்தத் தலைவலி நமக்கு எதுக்கு மேடம்? டாலர்லயே தரணும்னு பில்லிலேயே எழுதிடுங்க.”

அப்படி எழுதிவிட்டால் யூரோவில் தர முடியாது. தேர்ந்தெடுக்கவும் ஒன்றும் இராது. அவர் சொன்னது சரிதான். அந்த வரியை நானே டைப் செய்தேன். அடுத்த பில்லுக்குப் பணம் நேராக பேங்குக்கு வந்தது. போன் வரவில்லை. அதற்கடுத்த பில்லுக்கும் வரவில்லை.

சில மாதம் கழித்து நானே அந்தப் பெண்மணியைக் கூப்பிட்டேன்.

“எந்த பில்?” என்றார்.

“பில் எதுவும் இல்ல. சும்மாதான்.”

எதையோ டைப் செய்யும் சத்தம் கேட்டது. பிறகு, “எல்லாம் நல்லா இருக்கா?” என்றார். நல்லா இருக்கு என்றேன். இன்னொரு போன் வருகிறது என்று மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு வேலை இருந்திருக்கும்.

அன்று மாலை ஸ்டேஷனில் லோக்கல் ரயில் வந்து நின்றது. ஏற மனமில்லை. அதை விட்டுவிட்டு, அடுத்த வண்டி வரும்வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.