கிளை கட்டாவிட்டால் முத்திரை இல்லை

மலை உச்சியில் உட்கார்ந்து சைக்கிள்காரர்களின் அட்டையில் முத்திரை குத்துவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பீர்கள். வீட்டுக்காரரின் பைத்தியத்துக்குக் காவல் இருந்து பழகிய பெண்மணிகள் கேட்க மாட்டார்கள்.

வாணியம்பாடியில் சைக்கிள் கடை வைத்திருந்த என் கணவர், 1960களில் வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் சுற்று நடத்தினார். ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறி, ஜமுனாமரத்தூர் தாண்டி, போளூர்ப் பக்கம் இறங்கி, செங்கம் வழியாக வீடு திரும்ப வேண்டும். முதல் நாள் மாலை நாலு மணிக்குள் உச்சியில் முத்திரை வாங்காதவர் சுற்றில் சேர்த்தி இல்லை. என்னிடம் கைக்கடிகாரம் இருந்ததால் முத்திரை என் கைக்கு வந்தது. கான்வென்ட் படிப்புக்குக் கிடைத்த பதவி அதுதான்.

காலுக்குத் தெரியணும்

முதல் வருஷம் முதலில் வந்தவர் தோல் மண்டிக் கணக்கர் கரீம் பாய். ஒரு செம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தார். எனக்கோ பொறுக்கவில்லை. "புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போக இவ்வளவு பாடா?" என்று கேட்டுவிட்டேன்.

"இன்னாம்மா இப்டி கேக்குறீங்க? பஸ்ல வந்தா மலை எங்க ஏறுதுன்னு டிரைவருக்குத்தான் தெரியும். நம்ம காலுக்குத் தெரிய வேணாமா?"

பொன்னியின் பிரேக்

அதே வருஷம் இறக்கத்தில் ஒருவருக்கு பிரேக் கட்டை தேய்ந்து, தோள்பட்டை எலும்பு முறிந்தது. எங்களுக்குச் சாமைக் கஞ்சி கொண்டுவரும் மலைக்காரி பொன்னி அலட்டிக்கொள்ளவில்லை. மலையிலிருந்து சைக்கிளில் மூட்டையோடு இறங்கும் வியாபாரிகள், இலையோடு ஒரு புளியங்கிளையை வெட்டிப் பின்னால் கட்டித் தரையில் இழுத்துக்கொண்டு போவார்களாம். கிளை பின்னால் இழுக்கும், வண்டி தறிகெட்டு ஓடாது.

மறு வருஷம் சட்டம் போட்டேன்: கிளை கட்டினால்தான் முத்திரை. வந்தவர்கள் முறைத்தார்கள். புது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"இது ரேஸாம்மா, இல்ல வெறகு வண்டியா?" என்றார் அவர்.

கடைக்காரர் வந்தார்

மூன்றாம் வருஷம் என் கணவரே ஓட்டினார். வயது நாற்பத்தாறு. முடிக்காவிட்டால் வருஷம் முழுக்கக் கடையில் சிரிப்பார்கள் என்று அவருக்கே தெரியும். மூன்றே முக்காலுக்கு வந்து அட்டையை நீட்டினார். நான் கிளையைக் காட்டினேன்.

"இருபது வருஷமா பிரேக் விக்கிறவன்டி நானு!" என்றார்.

பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது; கட்டை தேய்ந்தே போயிருந்தது. முத்திரையை மடியில் வைத்துக்கொண்டேன். அட்டையைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் கூப்பிடவில்லை. எதுவரை போவார் என்று பார்க்கும் ஆசை பயத்தையும் மிஞ்சியது.

முதல் வளைவில் காலை ஊன்றி நின்றார். கீழே எட்டிப் பார்த்தார். சைக்கிளை விட்டு இறங்கினார். நாலுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் பொன்னியிடம்தான் சொன்னார்:

"அந்தக் கிளை பத்தாது தாயி. இன்னும் பெருசா ஒண்ணு வெட்டு."

பிரேக் விற்பவரை நிறுத்த பிரேக் போதாது, பெண்டாட்டியை மலைமேல் உட்கார வைக்க வேண்டும் என்பதே அந்த மூன்று வருஷ உத்தியோகத்தில் நான் கண்டது.