சித்தி தின்ற மருந்து

என் காதில் விழுந்த சேதி எங்கள் ஊரான பூதப்பாண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துதான் அடங்கும். ஏழு வயதிலேயே எனக்கு அப்படி ஒரு பெயர். அந்த நான் ஒரே ஒரு ரகசியத்தை மட்டும் இரண்டு மாதம் பொத்திக் காத்தேன்.

அம்மாவின் தங்கை தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சித்தப்பாவுக்கு மலையில் ரப்பர் தோட்டத்தில் வேலை. சித்தி பக்கத்தில் படுத்தால்தான் எனக்கு உறக்கம் பிடிக்கும். இன்றைக்கும் பஸ்ஸில் பிச்சிப்பூ மணம் வந்தால் அவளோ என்று திரும்பிப் பார்க்கிறேன், பைத்தியம் மாதிரி.

காலையும் மாலையும் அவள் ஒரு தகர டப்பாவைத் திறந்து, மிளகளவு கறுப்பாக ஒன்றை வாயில் போட்டுக்கொள்வாள். வயிற்றுவலி மருந்தாம். கல்யாணமான புதிதில் சித்தப்பா வாங்கித் தந்து பழக்கமாம்.

"அம்மைட்ட சொல்லாத மக்கா, கேட்டியா?" என்றாள்.

நானா சொல்வேன்!

ஆண்பிள்ளை பிறந்தது. இரண்டாம் நாளிலிருந்து அழுகையென்றால் அப்படியோர் அழுகை. கைகால் வெடவெடவென்று நடுங்கும். தும்மும். குடித்த பாலை அப்படியே கக்கும். பார்க்க வந்தவர்கள் கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். சித்தி யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அம்மா அவளுக்காகப் பேறுகால மருந்து கிண்டி, கருப்பட்டி மணக்க உருட்டிக்கொண்டிருந்தாள். கறுகறுவென்ற அந்த உருண்டைகளைக் கண்டதும், சித்திக்கு இது புதிதா என்ன என்று எனக்குப் பெருமை பொங்கிவிட்டது.

"இது சித்திக்கிட்ட முன்னமே உண்டும்மா. தெனமும் தின்னுகா."

அம்மா கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போனாள். சித்தியின் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். அபின். நாங்கள் இன்னும் திருவிதாங்கூர்க்காரர்களாக இருந்த காலம். அதற்கென்றே கடை உண்டு.

மறுநாள் தாயையும் பிள்ளையையும் வில்வண்டியில் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றில் கிடக்கும்போதே பிள்ளைக்கும் அது பழகிவிட்டதாம். கிடைக்காமல்தான் இந்தப் பாடாம். கொஞ்சங்கொஞ்சமாக மறக்கடிக்கவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாளாம்.

இரண்டு வாரம் கழித்து என்னைக் கூட்டிப்போனார்கள். பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தது. சித்தி பாதியாக இளைத்திருந்தாள். அடிப்பாளோ என்று அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒண்டினேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"இத நேரத்தே சொல்லப்பிடாதா மக்கா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சொல்லாதே என்றவளும் இவள்தானே? முகத்தைத் திருப்பிக்கொண்டேன், புறப்படும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளையும் பிள்ளையையும் சித்தப்பா நேரே மலைக்குக் கூட்டிப்போனார். மறுவருஷம் மலைக்காய்ச்சலில் போய்விட்டாள் என்று சேதிதான் வந்தது.

சொல்லாதே என்றால், யாரிடமாவது சொல்லித் தொலையேன் என்றும் ஓர் அர்த்தம் உண்டென்று ஏழு வயதில் எனக்கு எப்படித் தெரியும்?