முதல் பெஞ்சில் வேப்பெண்ணெய் வாசனை

டீச்சர், நான்காம் வகுப்பில் பேன் பரப்பியது நான்தான் என்று எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சொன்னீர்கள். அது பொய். ஒரு மாதத்துக்குள் அது பொய் என்று உங்களுக்கே தெரிந்துவிட்டது. நீங்கள் திருத்தவில்லை.

என் தலையில் பேன் இருந்தது. அதை மறுக்கவில்லை. முதல் பெஞ்சில் நானும் என் தோழியும் ஒரே புத்தகத்தைத் தலையோடு தலை முட்டிக்கொண்டு படிப்போம். அவளும் சொறிவாள், நானும் சொறிவேன். நீங்கள் பென்சில் முனையால் என் முடியை மட்டும் விலக்கிப் பார்த்தீர்கள். "நீங்க இருக்கிற இடம் அப்படி" என்றீர்கள். பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போகச் சொன்னீர்கள். பேன் சுத்தமாகப் போனால் பழைய இடம் என்றும் சொன்னீர்கள். அதை நான் நம்பினேன். எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து போர்டும் தெரியாது, பக்கத்தில் அவளும் இல்லை.

வீட்டில் சொன்னதும் அத்தை சீத்தாப்பழக் கொட்டையை அரைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். அம்மா அதை வாங்கிக் குப்பையில் கொட்டினாள்.

"கண்ணுல ஒரு சொட்டு வுழுந்தா இன்னா ஆவும் தெரியுமா? பேனோட கண்ணும் பூடும்."

"அப்ப மொட்டை அடிச்சுடு. உம் பொண்ணு தலையில இன்னா தங்கமா காய்ச்சித் தொங்குது?"

அம்மாவுக்கு வேப்பெண்ணெய்தான் நம்பிக்கை. சனிக்கிழமை சாயங்காலம் தேங்காயெண்ணெயோடு கலந்து லேசாகச் சூடு காட்டி, மண்டை முழுக்கத் தேய்த்து, அப்பாவின் பழைய லுங்கித் துணியால் கட்டிவிடுவாள். ஞாயிறு காலையில் சீயக்காய். தலை காயும் முன்பே வெள்ளைத்துணியை விரித்துப் பேன்சீப்பால் வாருவாள். ஈரத்தில் பேன் ஓடாது என்பாள். விழுந்ததை நகத்தில் வைத்து நசுக்குவாள். ஈர் சீப்புக்குச் சிக்காது. காதுக்குப் பின்னால் ஒவ்வொரு முடியாக உருவி எடுப்பாள்.

"ஒரு ஈரை வுட்டா அடுத்த வாரம் அதும் பேரப்புள்ளைங்க வரும். அசையாத ஒக்காரு."

மூன்றாவது ஞாயிறு துணி வெள்ளையாகவே இருந்தது.

அன்று மதியம் மிச்ச எண்ணெயை ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா அணுமின் நிலையக்காரர்கள் குடியிருக்கும் அணுபுரம் போனாள். அங்கே அவள் வேலை செய்த வீடு என் தோழியின் வீடு. அந்த வீட்டு சார் சொல்லித்தான் உங்கள் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்தது. நான் பின்பக்கப் படியில் உட்கார்ந்து பார்த்தேன். அம்மா அவளுக்கும் எண்ணெய் தேய்த்து, ஊறவிட்டு, அலசி, வாரினாள். துண்டில் எனக்கு விழுந்ததைவிட அதிகமாக விழுந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். இனி இரண்டு பேர் தலையிலும் ஒரே வாசனை.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்: "அவளுக்கும் கீதுன்னு டீச்சராண்ட சொல்லட்டா?"

அம்மா என் மணிக்கட்டை வலிக்கிற மாதிரி பிடித்தாள். "வாயத் தொறந்த, நீ ஸ்கூலுக்கும் போவ முடியாது, நான் வேலைக்கும் போவ முடியாது. கம்முனு வா."

திங்கட்கிழமை நீங்கள் கடைசி பெஞ்சுக்கு வந்து அதே பென்சிலால் என் தலையைப் பார்த்தீர்கள். ஒன்றும் இல்லை. "இருக்கட்டும், இங்கேயே இரு" என்றீர்கள். அப்படியே முதல் பெஞ்சுக்குப் போனீர்கள். அங்கே நின்று அதே வேப்பெண்ணெய் வாசனைக்கு மூக்கைச் சுளித்தீர்கள். நின்றபடியே அவள் தலையைப் பார்த்தீர்கள், முடியை விலக்கவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பாடத்தை ஆரம்பித்தீர்கள்.

அந்த வருடம் முழுக்க எனக்குக் கடைசி பெஞ்ச். அம்மா கண்ணுக்குத் தப்பிய ஏதோ ஒரு ஈர் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது என்று நினைத்தேன். தினமும் காதுக்குப் பின்னால் விரலால் தடவித் தேடினேன். தேட வேண்டியது என் தலையில் இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

இப்போது நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் தினமும் பூப்படத்தோடு காலை வணக்கம் போடுகிறீர்கள். அவளும் அதில் இருக்கிறாள். அந்த வகுப்பில் முக்கால்வாசிப் பேர் இருக்கிறார்கள். இதை அங்கேதான் போடுகிறேன். எனக்குத் தனியாக எழுத வேண்டாம், போன் செய்யவும் வேண்டாம். அந்தத் திங்கட்கிழமை முதல் பெஞ்சில் அந்தப் பென்சிலால் அவள் முடியை ஏன் விலக்கிப் பார்க்கவில்லை? எல்லோரும் படிக்கிற மாதிரி அங்கேயே பதில் எழுதுங்கள்.