அருவிக்கரை நாய்க் காவல்

அடுத்தவர் பொருளைக் காத்துக் கொடுக்கிற வேலையில் பல வகை உண்டு. காத்த பொருளே காத்தவனைக் கடிக்கிற வகைக்கு நாய்க் காவல் என்று பெயர். சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்தவர்களும் கோயில் வாசலில் செருப்புப் பார்த்தவர்களும் என் கஷ்டத்தில் பாதியை அறிவார்கள். மீதிப் பாதி குரைக்கும்.

அந்த ஆனி ஞாயிறன்று எங்கள் கொட்டகையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். பக்கத்துப் பந்தலில் செருப்புக் காவல் பார்த்த பேச்சியம்மாக்கா. காலையும் மாலையும் வந்து பார்த்த குத்தகை அண்ணாச்சி. உருப்படிகள்: அல்சேஷன் ஒன்று, பொமரேனியன் ஒன்று, ஒரே வீட்டு ராஜபாளையம் இரண்டு, நாட்டு நாய் ஒன்று, கூடையில் பூனை ஒன்று, கிடா ஒன்று. ஆக ஏழு.

இது ஐம்பதுகளின் கடைசியில். குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் பங்களா பிடித்துத் தங்க வருகிறவர்கள் வீட்டு நாயையும் கூட்டி வருவார்கள். குளிக்கிற கூட்டத்துக்குள் நாயைக் கொண்டுபோக முடியாது. அதனால் பேரருவிக்குப் போகிற வழியில் ஒரு தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்த அண்ணாச்சி, நிழலாகப் பார்த்து முளை அடித்து, ஓலைக் கொட்டகை போட்டு, என்னை அதில் உட்கார வைத்தார். நான் ஐந்தாவது வரை படித்தவன். ஆள் முகம் பார்த்துப் பேச வராது. அதற்கு முன் அருவிக்கரையில் சீயக்காய் விற்கப் போய், கூவ வெட்கப்பட்டு, கொண்டுபோனதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தவன். நாய்களிடம் கூவ வேண்டியதில்லை.

முந்தின வாரம் ஒரு நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு இலஞ்சி வரை ஓடிவிட்டது. பிடித்துக் கொடுத்துவிட்டோம். ஆனாலும் அதன் சொந்தக்காரரிடம் அண்ணாச்சி வாங்கிய ஏச்சு அவர் காதை விட்டு இறங்கவில்லை. அந்த ஞாயிறு காலையில் சொல்லிவிட்டார்: "ஏலே, இன்னைக்கு ஒரு உருப்படி கொறைஞ்சாலும் நாளையிலேர்ந்து இங்கன எளநீர்க் கடைதான். ஒனக்கு வேற சோலி பாத்துக்கோ."

எனக்கு வேறு சோலி கிடையாது.

தொப்பி

நனைந்து வருகிறவரிடம் சீட்டுக் கொடுத்தால் கூழாகித்தான் திரும்பி வரும். ஆகவே என் முறை வேறு. நாய் வாலை ஆட்டினால் அவிழ்த்துக் கொடுப்பேன். ஆட்டாவிட்டால் கொடுக்க மாட்டேன்.

அல்சேஷனைக் கொண்டுவந்தவர் ஒரு பெரிய உத்தியோகஸ்தர். கோட்டு, பூட்ஸ், தலையில் தொப்பி. எண்ணெய் தேய்க்கிறவரிடம் உடம்பைக் கொடுத்துவிட்டு, அருவியில் ஆசை தீர நின்று, இடுப்பில் ஒரு துண்டோடு திரும்பி வந்தார். தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. அல்சேஷன் அவரைப் பார்த்துப் பல் மொத்தத்தையும் காட்டியது. "அது என் நாய்" என்றார். "இருக்கலாம் சார்" என்றேன், அவர் கால் விரல்களைப் பார்த்தபடி. "இருக்கலாமா?" என்று ஒரு சத்தம் போட்டார். அல்சேஷன் அதைவிடப் பெரிய சத்தம் போட்டது.

கோபத்தோடு பங்களாவுக்குப் போனார். திரும்பி வந்தபோது இடுப்பில் அதே துண்டு, காலில் பூட்ஸ், தலையில் தொப்பி. நாய் வாலை ஆட்டியதில் முளையே அசைந்தது. பின்னால் வந்த அவர் சம்சாரம் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சொன்னார்: "நானும் இத்தனை வருசமா அந்தத் தொப்பியோடதான் குடித்தனம் நடத்துதேன், தம்பி."

மிச்சத் தண்ணீர்

நாய்களைக் குளிப்பாட்டவும் ஓர் இடம் வைத்திருந்தோம். அருவித் தண்ணீர் ஓடையாக இறங்கித் தோப்பு ஓரமாய்ப் போகிற இடத்தில், இரண்டு பாறைகளுக்கு நடுவே முழங்கால் ஆழம். நாய்கள் அதில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுக்கும்.

பொமரேனியனைக் கொண்டுவந்த அம்மாள் மதுரையிலிருந்து வந்திருந்தார். பாறையில் நின்று ஓடையை மேலும் கீழும் பார்த்தார். "இது எந்தத் தண்ணி?" என்றார். அருவித் தண்ணீர்தான் என்றேன். "அருவியிலேர்ந்து நேரா வருதா?" பொய் சொல்ல வராததால், மேலே எல்லோரும் குளித்து, அப்புறம் இறங்கி வருகிற தண்ணீர் என்று சொன்னேன். அம்மாள் நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். குளிக்காத நாயை வாலாட்ட வைத்து உடனே வாங்கிக்கொண்டும் போய்விட்டார். போகிறபோது சொன்னது: "இம்புட்டு மனுசங்க குளிச்ச தண்ணியிலயா எங்க லில்லி குளிக்கணும்?"

கூடையில் பழம் இல்லை

குற்றாலத்துக் குரங்குகளுக்குக் கூடை என்றால் பழம். நாய்களின் கயிறு எவ்வளவு தூரம் எட்டும் என்பது எனக்குத் தெரிவதற்கு முன்பே அவற்றுக்குத் தெரியும். அதற்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து நாய்களுக்குப் பைத்தியம் பிடிக்க வைக்கும். அன்று மத்தியானம் ஒரு தாட்டியான ஆண்குரங்கு இறங்கி வந்து, பூனை இருந்த மூடிக்கூடையைத் தூக்கிக்கொண்டு மாமரத்தில் ஏறிவிட்டது.

ஏழில் ஒன்று மரத்தில். கிளையில் உட்கார்ந்த குரங்கு மூடியைத் திறந்து, பார்க்காமலே உள்ளே கையை விட்டது. அதற்குப் பிறகு அந்தக் குரங்கு போட்ட கூச்சலை அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டிருப்பார்கள். கூடை கீழே விழுந்தது. குரங்கு தோப்பைத் தாண்டிப் போயிற்று. பூனை மட்டும் கிளையில் உட்கார்ந்து கையை நக்கிக்கொண்டிருந்தது.

பூனைக்குச் சொந்தக்காரி செங்கோட்டைக்கு அப்பாலிருந்து வந்த ஒரு மலையாளத்து அம்மா. அவர் குளித்துவிட்டு வந்தபோது நான் கைகூப்பிக்கொண்டு மரத்தடியில் நின்றேன். பேச்சியம்மாக்காதான் எனக்காக நடந்ததைச் சொன்னாள். அம்மா அண்ணாந்து பார்த்து, "மோளே, வா" என்றார். பூனை இறங்கி வந்து அவர் கூடையில் தானே ஏறிப் படுத்தது. மூடியைச் சாத்திக்கொண்டே அந்த அம்மா என்னைக் கேட்டார்: "கொரங்ஙுக்கு அடி ஒண்ணும் பட்டில்லையே?"

ராசா

கிடாவைக் கொண்டுவந்தவர் கீழப்பாவூர் தங்கையா. கூடவே அவர் மனைவியின் தம்பி, வடகரைக்காரர். வடகரையில் மச்சினர் மகளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. புதன்கிழமை மறுவீட்டு விருந்து. தங்கையா வாய் தவறி, "கிடா என் பொறுப்பு" என்று எப்போதோ சொல்லியிருக்கிறார். மச்சினர் அதை மறக்காமல் வண்டி கொண்டுவந்து, கிடாவையும் அத்தானையும் ஏற்றிக்கொண்டார். போகிற வழியில் சாரல் நன்றாக இருக்கிறதென்று குளிக்க இறங்கியவர்கள்.

கிடா நல்ல கறுப்பு. கழுத்தில் மணி. தங்கையா முளையில் கட்டிவிட்டு, என் காதருகே, "ராசான்னு கூப்பிடும் வே. அப்பத்தான் தழை திங்கும்" என்றார். மச்சினருக்கு அது கேட்டுவிட்டது. "அத்தான், பேரு சொல்லிக் கூப்பிட்டதெல்லாம் போதும். புதன்கிழமை எலை போட்டுக் கூப்பிடுதோம்" என்று சிரித்தார். தங்கையா சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தங்கையா தலையைக்கூடத் துவட்டாமல் தனியாக ஓடிவந்தார். மச்சினர் எண்ணெய்க்கு உட்கார்ந்திருக்கிறாராம். கிடா தன் கையை நக்கிக்கொண்டிருக்க, தங்கையா சொன்னார்: "நான் குடுத்த வாக்கை நானே மீற முடியாது வே. அவன் கேட்டா, காணாமப் போயிட்டுன்னு நீரு சொல்லிரும்."

மிச்சம்

உங்களுக்கு என் நிலைமை புரியும். காணாமல் போயிற்று என்றால் குறை ஒன்று. குறை ஒன்று என்றால் நாளைக்கு இளநீர்க் கடை. காணாமல் போகவில்லை என்றால் புதன்கிழமை இலை. நான் கிடாவின் கயிற்றை முளையில் இன்னொரு சுற்றுச் சுற்றினேன். பேச்சியம்மாக்கா, "பாவம் தம்பி அது. மூஞ்சியைப் பாரேன்" என்றாள். கிடாவைச் சொன்னாளா, தங்கையாவைச் சொன்னாளா தெரியவில்லை.

சாயங்காலம் அருவியில் திடீரென்று வெள்ளம் இரைந்து, குளித்தவர்களை எல்லாம் கரையேற்றிவிட்டார்கள். ஜனங்கள் நனைந்த கோழிகள் மாதிரி ஒரே நேரத்தில் வந்து மோதினார்கள். அந்த நெரிசலிலும் நான் வாலைப் பார்த்துத்தான் கொடுத்தேன். ராஜபாளையம் இரண்டும் போயின. நாட்டு நாய் போயிற்று. கூட்டம் கலைந்தபோது குத்தகை அண்ணாச்சி குடையோடு நின்றார். அவர் பக்கத்தில் வடகரை மச்சினர். தள்ளி, ஒரு தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு தங்கையா.

மச்சினர் கயிற்றை அவிழ்த்து இழுத்தார். கிடா நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. இன்னும் இழுத்தார். அது தலையைத் தாழ்த்தி அவர் தொடையில் ஒரு முட்டு முட்டியது. நான் நடுவில் போய்க் கயிற்றை வாங்கிக்கொண்டேன். "உடையவங்களைத் தெரிஞ்சாத்தான் குடுப்பேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அத்தான், நீரு வந்து சொல்லும். இது நம்ம கிடாதான?"

தங்கையா வந்தார். கிடா அவர் முழங்காலில் தலையை வைத்துத் தேய்த்தது. அவர் அண்ணாந்து தென்னை ஓலையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு அப்படித் தெரியல மாப்ள" என்றார்.

பேச்சியம்மாக்கா இருமினாள். அண்ணாச்சி என்னைப் பார்த்து, "ஏலே, கணக்கைச் சொல்லு. என்னமும் கொறையுதா?" என்றார். நான்கு பேர் என் வாயைப் பார்த்தார்கள். அத்தனை பேர் பார்க்க நான் பேசியதே இல்லை. ஆனால் கணக்கென்றால் எனக்கு வாய் குழறாது. "வந்தது ஏழு அண்ணாச்சி. போனது ஆறு. கொறை இல்ல. நான் தொலைக்கவும் இல்ல. கட்டிட்டுப் போனவரே தெரியலன்னுட்டதால ஒண்ணு மிச்சம்."

அண்ணாச்சி கிடாவைப் பார்த்தார். தங்கையாவைப் பார்த்தார். "கொறைஞ்சாத்தானே எளநீர்க் கடைன்னு சொன்னேன்" என்று குடையை மடக்கினார். "அப்ப நாளைக்கும் தொறந்து வை. மிச்சத்துக்குத் தழை ஒடிச்சுப் போடு."

மச்சினர் அத்தானை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தொடையைத் தடவிக்கொண்டே வண்டிப் பக்கம் நடந்தார். தங்கையா குனிந்து கிடாவின் காதில் என்னவோ சொல்லிவிட்டு அவர் பின்னால் ஓடினார். வண்டியில் ஏறுகிறபோது மச்சினர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது: "புதன்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு நீரே நின்னு அவியல் வெளம்பும் அத்தான், ஆட்டுக்கறி எங்கன்னு கேட்டா, ஆட்டுக்கு எங்களைத் தெரியலன்னு நீரே சொல்லும்."

இவ்விதமாக, ஒன்றும் குறையாமல் காக்க வேண்டும் என்று காலையிலிருந்து பயந்து கிடந்த நாய்க் காவல்காரனிடம், அன்று மாலை விளக்கேற்றுகிற நேரத்தில், தழை தின்கிற கிடா சரியாக ஒன்று மிஞ்சியிருந்தது.