நிலத்துக்காரரைக் கேட்டது

ஆஸ்திரேலியாவில், வெரிபீயில் நாங்கள் வீடு கட்டி முடித்தபோது எனக்கு எட்டு வயது. பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. அம்மா குசினி யன்னலுக்குத் திரைச்சீலை தைத்தார். எனக்கோ பயம் பிடித்து ஆட்டியது.

காரணம் பள்ளிக்கூடம். திங்கட்கிழமைதோறும் எங்களை நிறுத்திவைத்து, இந்த நிலம் பூர்வகுடி மக்களுடையது, அவர்கள் இதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை என்று சொல்வார்கள். அதே மூச்சில் தொலைந்துபோன தொப்பிகளைப் பற்றிப் பேசுவார்கள். மற்றப் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். என்னால் முடியவில்லை. நாங்கள் விட்டுவந்த ஊரில் எங்கள் வீட்டுக் காணிக்குள் ராணுவம் இருந்தது. காணி உறுதிப் பத்திரம் அப்பாவின் பெட்டிக்குள் இருந்தது. ஒருநாள் போய் அந்தக் கதவைத் தட்டுவேன் என்று அப்பா அடிக்கடி சொல்வார். அப்படியானால் எங்கள் கதவையும் யாராவது தட்டத்தானே வேண்டும்? புது வீட்டைப் பார்க்கப் போகும்போதெல்லாம், வாசலில் ஆள் நிற்கிறதா என்று காருக்குள் குனிந்திருந்து பார்ப்பேன்.

பால் காய்ச்சுவதற்கு முதல் நாள், அந்த மக்களில் மூத்த பெண்மணி ஒருவர் பள்ளிக்கு வந்தார். ஆசிரியர்களே அவரை அன்ரி என்றுதான் அழைத்தார்கள். பச்சை இலைகளை எரித்துப் புகை போட்டு எங்களை வரவேற்றார். கூட்டம் கலைந்ததும் ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உங்கள் நிலத்தில் வீடு கட்டிவிட்டோம், நாளைக்குக் குடிபோகிறோம், நாங்கள் இருக்கலாமா?

பக்கத்தில் நின்ற ஆசிரியையின் முகம் சிவந்துவிட்டது. அன்ரி சிரிக்கவில்லை. இதை ஒருவரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார். கேட்டதற்கு நன்றி சொல்லி, என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

எனக்குக் கால் தரையில் படவில்லை. பின்னேரம் புது வீட்டு வாசலில் அப்பா ஏணியில் நின்று பிளாஸ்டிக் மாவிலை கட்டிக்கொண்டிருந்தார்.

"நாங்கள் இருக்கலாம் அப்பா! நான் கேட்டுட்டு வந்தனான்."

நடந்ததை முழுக்கச் சொன்னேன். ஏச்சு விழும் என்று பார்த்தால், அப்பா மறுபக்கத்தைக் கட்டாமலே இறங்கிவந்தார்.

"அவ ஓம் எண்டு சொன்னவவோ?"

"நன்றி சொன்னவ."

"அது சரி பிள்ளை. ஓம் எண்டு சொன்னவவோ?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. நன்றி சொன்ன பிறகு ஆம் என்று வேறு சொல்ல வேண்டுமா? காணியைப் பறிகொடுத்துவிட்டு வந்த மனிதருக்கு இந்தச் சின்ன விசயம்கூட விளங்கவில்லையே என்று அப்பாவை நினைத்துக் கவலைப்பட்டேன்.