கேட்டில் தொங்கிய சட்டை

ஏலகிரி அடிவாரத்தில் இருக்கும் எங்கள் மாந்தோப்பின் இரும்புக் கேட்டை ஒட்டி ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதில் அடித்த ஆணியில் நீலக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை ஒன்று எப்போதும் தொங்கும். தோப்புக்குள் அப்பாவின் குதிரை லாயம். அப்பாவுக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்று சின்னதாக இருந்தது. பச்சைத் தோலோடும் சுண்ணாம்புத் தொட்டியோடும் நாள் முழுக்கக் கிடந்துவிட்டு வருகிறவர், கேட்டருகிலேயே துணியைக் களைந்து, பம்பு செட்டில் சோப்புத் தேயத் தேயக் குளித்து, இந்தச் சட்டையை மாட்டிக்கொண்டுதான் லாயத்துக்குள் போவார். தோல் வாடை பட்டால் எங்கள் குதிரைகள் காதை மடக்கிக்கொண்டு சுவரை உதைக்கும். அந்த ஊரில் பிறந்த எங்களுக்கு அது சோறு போடும் வாசனை. குதிரைக்கு அது தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் குடும்பமே தோப்புக்குக் கிளம்பும். பிறக்கப்போகும் குட்டிக்கு என்ன பெயர் வைப்பது என்று காரிலேயே சண்டை ஆரம்பித்துவிடும். ரேஸுக்கு ஓடும் குதிரையை விலைக்கு வாங்குவது பெரிதில்லை, நம் லாயத்தில் பிறந்தது ஓட வேண்டும் என்பது அப்பாவின் பைத்தியம். அம்மா மட்டும் காரை விட்டு இறங்க மாட்டாள். வேலூரில் பிரசவ வார்டு நர்ஸ். நெஞ்சில் குதிரை உதைத்த ஒருவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்ததைப் பார்த்த நாளிலிருந்து குதிரை என்றாலே அவளுக்குக் குலைநடுக்கம். கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு உள்ளே வியர்த்துக்கொண்டிருப்பாள். "அது இன்னா, காருக்குள்ளயா ஏறி வரப்போவுது?" என்று நான் கிண்டல் செய்தால், "வராதுன்னு எழுதித் தர்றியா?" என்பாள்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. குதிரைகள் பெரும்பாலும் ஆள் அரவம் அடங்கிய பிறகுதான் குட்டி ஈனும். எங்கள் செவலைக் குதிரை பட்டப்பகலில் ஆரம்பித்துவிட்டது. லாயத்தைப் பார்த்துக்கொண்ட பாய் அப்பாவுக்கும் கால்நடை டாக்டருக்கும் போன் செய்தார். நானும் அம்மாவும் சாப்பாடு எடுத்துக்கொண்டு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தோம். டாக்டர் ராணிப்பேட்டையிலிருந்து கிளம்பி, வழியில் ஒரு லாரி கவிழ்ந்ததால் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டார். அப்பா முந்திக்கொண்டு வந்துவிட்டார். வந்த வேகத்தில் கேட்டையும் தாண்டினார், சட்டையையும் தாண்டினார். இத்தனை வருடம் மறக்காதவர் அன்றைக்கு மறந்தார்.

படுத்து முக்கிக்கொண்டிருந்த குதிரை ஒரே துள்ளலில் எழுந்தது. மிரண்டு சுற்றிய சுற்றில் அப்பாவைக் கதவோடு சேர்த்து அடித்தது. பாய் அவரை வெளியே இழுத்துப் போட்டபோது வலது கை தோளிலிருந்து தொங்கியது. "வாடை மொதலாளி, வாடை! உள்ள வராதீங்க!" என்று பாய் கத்தினார். குதிரையின் பின்னால் குட்டியின் ஒரு குளம்பு மட்டும் வெளியே தெரிந்தது. இரண்டு குளம்பும், அவற்றின் மேல் மூக்கும் சேர்ந்து வர வேண்டும். போனில் டாக்டர், இன்னொரு கால் உள்ளே மடங்கியிருக்கிறது, யாராவது கைவிட்டு அதை நேராக்காவிட்டால் தாயும் இல்லை, குட்டியும் இல்லை என்றார். பாய் தலைக்கயிற்றை விட்டால் குதிரை தறிகெட்டு ஓடும். நான் கதவருகில் மரம் மாதிரி நின்றேன்.

அப்போது கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா இறங்கி, ஆணியிலிருந்த சட்டையை எடுத்துப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு வந்தாள். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. "எனக்கு பயமா இருக்குது. யாரும் எங்கிட்ட பேசாதீங்க" என்றாள். முழங்கைக்கு மேல் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு குதிரையின் பின்னங்கால்களுக்கு நேர் பின்னே போய் நின்றாள். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பயந்ததில்லை. அந்தக் கால் ஒருமுறை எழுந்தால் அம்மா இல்லை. அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணை மூடலாம் என்றால், மூடிய நேரத்தில் ஏதாவது ஆகிவிட்டால் என்று அதற்கும் பயம்.

"இப்ப முக்காதம்மா. கொஞ்சம் பொறுத்துக்க. மூச்சு வாங்கு, மூச்சு வாங்கு" என்று வார்டில் சொல்வதையே அம்மா குதிரைக்கும் சொன்னாள். வலி விட்ட இடைவெளியில் குட்டியை உள்ளே தள்ளி, மடங்கிய காலைத் தேடினாள். குளம்பு கர்ப்பப்பையைக் கிழித்துவிடாமல் அதை உள்ளங்கையால் மூடி, மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். குதிரையின் தொடை ஒருமுறை நடுங்கியது. பாய் கண்ணை மூடி துஆ ஓதினார். நான் கர்த்தரைக் கூப்பிட்டேன். இரண்டாவது குளம்பு வெளியே வந்ததும் அம்மா, "இப்ப முக்கு!" என்றாள். குட்டி வைக்கோலில் வழுக்கி விழுந்தது. பெட்டைக் குட்டி.

வெளியே வந்தவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். அப்போதுதான் பார்த்தேன், சட்டையின் பட்டன்கள் எல்லாம் ஒரு துளை மாறிப் போட்டிருந்தன. டூட்டிக்குப் போகும்போது யூனிஃபார்மில் ஒரு சுருக்கம் இருந்தால் திரும்ப இஸ்திரி போடுகிற பெண். அப்பா வலியிலும் சிரித்தார். தோளைக் கட்டிக்கொண்டு அன்று மாலை அவர் செய்த முதல் வேலை, அந்தச் சட்டையைத் துவைத்து அதே ஆணியில் மாட்டியது. அந்தக் குட்டி பிறகு சென்னையில் ஓடி ஜெயித்தது. நாங்கள் எல்லோரும் தொண்டை கிழியக் கத்தினோம். அம்மா எங்களுக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்து நின்றாள். "முடிஞ்சிடுச்சா? யாரும் விழலையே?" என்று மட்டும் கேட்டாள்.

அப்பா போய்விட்டார். ரேஸ் ஓடி முடித்துத் தோப்புக்கே திரும்பி வந்த அந்தக் குதிரைக்குப் போன மாதம் முதல் பிரசவம். இந்த முறை டாக்டர் முன்னாலேயே வந்துவிட்டார். ஆனால் பாய்க்கு வயதாகிவிட்டது, உள்ளே இன்னொரு ஆள் வேண்டும் என்றார்கள். நான் ஷூ கம்பெனியில் தோலின் தரம் பார்க்கும் வேலையிலிருந்து நேராக வந்திருந்தேன். பம்பு செட்டில் குளித்தேன், மறுபடியும் குளித்தேன், சட்டையை எடுத்து மாட்டினேன். உள்ளே குதிரை சுவரை உதைக்கும் சத்தம் கேட்டதும் கால் நகரவில்லை. அப்பா இருந்திருந்தால் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

அம்மா வழக்கம்போல் காருக்குள்தான் இருந்தாள். முட்டி வலி என்று இப்போது ஒரு சாக்கும் உண்டு. கண்ணாடி பாதி இறங்கியது.

"பட்டனை மாத்திப் போட்டிருக்க, பாரு."

குனிந்து பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை எல்லாமே ஒரு துளை தள்ளியிருந்தன. கழற்றப் போனேன்.

"இருக்கட்டும்," என்றாள். "அப்டியே போ."